கணினி ஒப்புருவும் பொறியியற் கல்வியும்: சீயமங்கலக் குடைவரை காட்டும் சில உண்மைகள்

பொறியியல் பயிலும் மாணவர், ஒரு பாலத்தையோ பொறியின் உறுப்பொன்றையோ செய்து பார்ப்பதற்கு முன்னரே, அதன் உருவைக் கணினியில் அமைத்து, அதன்மேற் சுமை ஏற்றி, அஃது எவ்வளவு வளையும், எவ்விடத்தில் வெடிக்கும் என்று கணித்தறியும் வாய்ப்பு இன்று பெருகியுள்ளது. இதற்கெனச் செய்யப்பெற்ற மென்பொருள்கள் பல. இவற்றின் தொழிலைப் பாவனை என்பாரும், போலச்செய்தல் என்பாரும், உருவகப்படுத்தல் என்பாரும் உளர். கலைச்சொல் இன்னும் ஒருநிலைப்படவில்லை. நாம் இக்கட்டுரையில் ஒப்புரு என்னும் சொல்லை ஆள்கின்றோம்.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருளுக்கு இடமுண்டோ என வினவுவார் இருக்கலாம். உண்டு என்பதே நம் கருத்து. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம், சிவில் எனப்படும் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பிற இந்திய மொழிகளோடு தமிழிலும் பொறியியற் பாடநூல்களைக் கொணரும் முயற்சியை மேற்கொண்டது. பாடம் தமிழில் அமைந்தது. ஆனால் மாணவர்முன் திறந்துள்ள மென்பொருளின் ஏவற்சொற்களும் பிழை அறிவிப்புகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. இவ்விடைவெளியில் மாணவர் உண்மையிற் கற்பது யாது? பொருளின் இயல்பையா, பொத்தான்களின் வரிசையையா? இதனை ஆராய்வதே நம் நோக்கம்.

ஒப்புரு என்பது, அடிப்படையில், உவமையே. ஒரு பொருளை நேரே அறியமாட்டாதபோது, அதனை ஒத்த வேறொன்றை அமைத்து, அதன்வழி இதனை அறிகின்றோம். தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே, உவமை தோன்றும் வகை நான்கென வகுத்தார். தொழிலால் ஒத்தல், பயனால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்பன அவை. இப்பாகுபாடு பொறியியல் ஆசிரியருக்கும் பெரிதும் பயன்படும் என்பது நம் துணிபு. கணினித் திரையில் மாணவர் எளிதில் அமைப்பது வடிவால் ஒத்த உரு. திரை அதற்கு வண்ணமும் தீட்டிக் காட்டும். பொறியியலுக்கு வேண்டுவதோ தொழிலால் ஒத்த உரு. வடிவு ஒத்ததனாலேயே தொழிலும் ஒக்கும் என்று கொள்வதிற்றான் பிழை பிறக்கின்றது.

இக்கணிப்பு முறையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். ஒரு பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பகுத்துக் கணக்கிடும் வழியைக் கூரான்ட் என்னும் கணித அறிஞர் 1943இல் எழுதினார். வானூர்தி இறக்கைகளின் உறுதியை ஆராய்ந்த டர்னர், கிளஃப் முதலியோர் 1956இல் அதனைப் பொறியியல் முறையாக்கினர். 1960இல் கிளஃப் அதற்கு வழங்கிய பெயரையே நாம் வரம்புறு கூறு முறை எனத் தமிழில் வழங்குகின்றோம். அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாஸ்ட்ரான் என்னும் நிரலை ஆக்குவித்தது. சுவான்சன் என்பார் 1970இல் நிறுவிய நிறுவனத்தினின்று ஆன்சிஸ் பிறந்தது. அந்நிறுவனம் 2025இல் சினாப்சிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. பெயர்கள் மாறினும் அடிப்படை மாறவில்லை. பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்தலும், அவை கூடுமிடங்களாகிய கணுக்கள் எவ்வளவு பெயர்கின்றன எனக் காணலும், அப்பெயர்ச்சியினின்று திரிபையும் தகைவையும் கணித்தலும் என்பனவே அவ்வடிப்படை. கரும்புக்கும் மூங்கிலுக்கும் உரிய கணு என்னும் சொல் இங்கு எத்துணை இயல்பாகப் பொருந்துகின்றது என்பதை வழியிற் கண்டு மேற்செல்வோம்.

இனி நாம் எடுத்துக்கொண்ட சான்றுக்கு வருவோம். செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்து, இன்று திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி வட்டத்தில் அமைந்தது சீயமங்கலம். அங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குடைவித்த கோயில் உள்ளது. அவனி பாசன பல்லவேசுவரம் என்பது அதன் பழம்பெயர். இறைவர் ஸ்தம்பேசுவரர், அஃதாவது தூணின் இறைவர். நம் ஆராய்ச்சிப் பொருளும் தூணே ஆதலின், இப்பெயர்ப் பொருத்தம் குறிக்கத்தக்கது. இங்குள்ள ஆடல்வல்லான் சிற்பம் கலை வரலாற்றாரால் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுவது; அதனைப் பற்றி எழுதியோர் பலர். அதன் அருகிலுள்ள தூணைப் பற்றி எழுதியோர் சிலரே.

குடைவரையின் முகப்பிலே தூண்கள் நிற்கின்றன. மேலும் கீழும் சதுரமாகவும் நடுவே எண்பட்டையாகவும் செதுக்கப்பெற்றவை. தூணின்மேற் போதிகை, போதிகையின்மேல் உத்திரம். மரத்தாலோ கல்லாலோ கட்டிய மண்டபத்தில் இம்மூன்றுக்கும் தொழில் உண்டு. உத்திரம் கூரையைத் தாங்கும். தூண் உத்திரத்தைத் தாங்கும். போதிகை இருபுறமும் நீண்டு உத்திரத்தின் தாங்கலற்ற நீளத்தைக் குறைக்கும். அந்நீளத்தைக் குறைப்பதன் பயன் பெரிது. இருமுனையிலும் வெறுமனே வைக்கப்பெற்ற உத்திரத்தின் அடிப்புறத்தில் தன் எடையால் எழும் இழுவைத் தகைவு, தாங்கலற்ற நீளத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கனத்திற்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். ஆகவே 2 மீட்டர் நீளம் 1.6 மீட்டராகக் குறையின், தகைவு நூற்றுக்கு 64ஆகக் குறையும். கல்லுக்கு இது முதன்மையான செய்தி. ஏனெனில் நல்ல கருங்கல் ஒரு சதுரச் செண்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட அமுக்கத்தையும் பொறுக்கும். இழுவையிலோ அதிற் பத்தில் ஒரு பங்கையும் தாங்குதல் அரிது.

ஆனால் சீயமங்கலத்தில் உத்திரம் தூணின்மேல் வைக்கப்பெற்றதன்று. தூணும் போதிகையும் உத்திரமும் கூரையும் ஒரே பாறை. இடையே மூட்டு இல்லை, பொருத்து இல்லை. போதிகை இங்கு மரக்கட்டடத்துப் போதிகையின் வடிவை மட்டும் கொண்டு நிற்கின்றது. அதன் தொழிலைக் கொண்டிலது. செஞ்சிக்கு அண்மையிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றிக் கோயில் சமைத்ததாக இம்மன்னனே கல்வெட்டிற் பொறித்துள்ளான். பொருள் மாறியபின்னும் பழம்பொருளின் வடிவைச் சிற்பியர் விட்டாரல்லர். ஆகவே இக்குடைவரையே ஓர் ஒப்புருவாகின்றது. வடிவால் ஒத்து, தொழிலால் ஒவ்வாதது.

இதனைக் கணினியில் அமைக்கும் மாணவர் எதிர்கொள்ளும் இடர் ஈண்டே தொடங்குகின்றது. எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். பின்வருவன விளக்கத்திற்காக நாம் கொண்ட அளவுகளேயன்றி, கோயிலின் அளவுகள் அல்ல. தூண்களுக்கிடையே 2 மீட்டர். உத்திரத்தின் கனம் அரை மீட்டர். அதன் அடிமுதல் குன்றின் மேற்பரப்பு வரை பாறையின் மொத்தக் கனம் 3 மீட்டர். ஒரு கன மீட்டர் கல்லின் எடை 2,650 கிலோகிராம். மாணவர் ஒருவர், கண்ணுக்குத் தெரியும் உத்திரத்தைத் தனியே எடுத்துக்கொண்டு, மேலுள்ள பாறை முழுவதையும் அதன்மேல் ஏறிய சுமை எனக் கொள்கின்றார். அவர்க்குக் கிடைக்கும் இழுவைத் தகைவு சதுரச் செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9.5 கிலோகிராம். மற்றொருவர், உத்திரமும் மேற்பாறையும் ஒன்றே என்பதையுணர்ந்து, 3 மீட்டர் கனமுள்ள ஒரே உடலாகக் கொள்கின்றார். அவர்க்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.27 கிலோகிராம். இத்துணைக் கனமான உடலுக்கு எளிய உத்திரக் கோட்பாடு துல்லியமாகப் பொருந்தாது என்பது உண்மையே. எனினும் வேறுபாட்டின் அளவை அது காட்டிவிடுகின்றது. முன்னது பின்னதைப்போல் 36 மடங்கு! கல்லும் ஒன்று, எடையும் ஒன்று, மென்பொருளும் ஒன்று. இருவருடைய திரையிலும் சிவப்பும் நீலமுமாக அழகிய படம் ஒன்றே தோன்றும். இவற்றுள் எது பொருந்தும் எனக் கணினி சொல்லாது. அதனிடம் அவ்வினாவை எழுப்புவாரும் இல்லை.

இன்னும் நுண்ணியதொரு வேறுபாடு உண்டு. கட்டிய மண்டபத்தில், நிறுத்திய தூணின்மேல் சுமை பின்னர் வந்து ஏறுகின்றது. குடைவரையிலோ சுமை முன்னரே உள்ளது. தூண்தான் பின்னர்ப் பிறக்கின்றது. சிற்பி சுற்றியுள்ள கல்லை அகற்ற அகற்ற, அதுவரை பாறை முழுதும் பரவியிருந்த சுமை, எஞ்சி நிற்கும் பகுதிக்குச் சிறிது சிறிதாக வந்து சேர்கின்றது. சுரங்கம் தோண்டுவோரும் மலையைக் குடைந்து இருப்புப்பாதை அமைப்போரும் இன்று ஒப்புருவிற் படிப்படியாகக் கல்லை நீக்கிக் கணிப்பது இக்காரணம் பற்றியே. முடிந்த வடிவை மட்டும் வரைந்து, புவியீர்ப்பை ஒரே கணத்தில் ஏற்றிவிடும் மாணவர், குடைவரையை அறியாமலே அதனைக் கட்டடமாக்கிவிடுகின்றார்.

தூணும் போதிகையும் கூடும் உட்கோணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவ்விடத்தில் வலையை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே செல்லும், ஓரிடத்தும் நில்லாது. கூரிய உட்கோணத்தில் தகைவு எல்லையற்றது என்பது மீள்மைக் கோட்பாட்டின் முடிபு. உண்மைக் கல்லில் அத்தகைய முழுக்கூர்மை இல்லை. இதனை அறியாத மாணவர், தூண் இடிந்துவிடும் என அறிக்கை எழுதுவார். அல்லது எண் சிறிதாகத் தோன்றும்வரை வலையைப் பருக்கையாக்கிக்கொண்டு அமைதியடைவார். பின்னது முன்னதினும் கொடிது.

கொடிது என நாம் கூறுவது மிகையன்று. நார்வே நாட்டில் ஸ்லைப்னர்-ஏ எனப்பட்ட கடல்மேடையின் கற்காரை அடித்தளம் 1991 ஆகஸ்டு 23ஆம் நாள் நீரில் ஆழ்த்திச் சோதிக்கப்பெற்றபோது வெடித்து மூழ்கியது. அறைச் சுவர்கள் கூடும் முக்கோண இடைவெளியில் ஒப்புருவின் வலை பொருந்தாவகையில் அமைந்தமையால், வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. கம்பிகளின் பிடிமானமும் அவ்விடத்திற் போதாதிருந்தது. பின்னர்ச் செய்த நுண்ணிய கணிப்பு, 62 மீட்டர் ஆழத்தில் உடைவு நேரும் எனக் காட்டிற்று. உண்மையில் நேர்ந்தது 65 மீட்டரில். அதே முறை, செவ்வையாக ஆண்டபோது, இத்துணை நெருங்கிய விடையைத் தரவல்லது! ஆகவே குறை கருவியின்பாற் பட்டதன்று. நல்வினைப்பயனாய் உயிரிழப்பு நேரவில்லை.

இப்பின்னணியில் நம் கல்லூரிகளை நோக்குவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 ஆண்டுகளின் பாடத்திட்டங்களில், இயந்திரப் பொறியியல் மாணவர்க்கு ஏழாம் பருவத்தில் ஒப்புருவுக்கும் பகுப்பாய்வுக்கும் எனத் தனி ஆய்வுக்கூடம் வகுக்கப்பெற்றது. சட்டகம், உத்திரம், தகடு ஆகியவற்றின் தகைவு, வெப்பப் பரவல், அதிர்வு எனப் பயிற்சிகள் அமைந்தன. வகுத்தது நன்றே. ஆனால் நாம் அறிந்த அளவில், பல கூடங்களில் இப்பயிற்சி நடைபெறும் முறை வருந்தத்தக்கது. எந்தப் பட்டியைத் திறப்பது, எந்தப் பெட்டியில் எந்த எண்ணை இடுவது என்ற வரிசை பதிவேட்டில் எழுதப்படுகின்றது. தேர்விலும் அவ்வரிசையே ஒப்பிக்கப்படுகின்றது. மூத்த மாணவரின் பதிவேடு இளைய மாணவர்க்கு உரைநூலாகின்றது. உத்திரம் எங்கே பிடிக்கப்பட்டுள்ளது, ஏன் அங்ஙனம் கொண்டோம் என்னும் வினா எழுவதே இல்லை. தமிழ்வழி மாணவர்க்கு இவ்விடர் இருமடங்காகும். ஆங்கில ஏவற்சொற்களைப் பொருளுணராது உருப்போடுவது, அவர்க்குத் தேர்வைக் கடக்கும் எளிய வழியாகிவிடுகின்றது.

இதனால் விளைவது மதிப்பெண் குறைவு மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். மாணவரின் வாழ்க்கையே இதனோடு பிணைந்துள்ளது. 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, தமிழ்வழியிற் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆயினும் அரசுப் பணியிடங்கள் சில. பட்டம் பெறுவோர் பலர். சென்னையைச் சூழ்ந்த ஊர்தித் தொழிற்சாலைகள், அவற்றின் வடிவமைப்புக் கூடங்கள், ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனம், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் ஆகிய இடங்களில் ஒப்புருக் கணிப்பு அன்றாடத் தொழில். ஊர்தியை மோதச் செய்து உடைத்துப் பார்ப்பதற்கு முன், கணினியிற் பலமுறை மோதவிட்டுப் பார்க்கின்றனர். 2022 மார்ச்சு 1ஆம் நாள் தொடங்கப்பெற்ற நான் முதல்வன் திட்டமும் தொழில்துறைக்கு வேண்டிய திறன்களை மாணவர்க்கு ஊட்டும் நோக்குடையது. ஆகவே வாயில் திறந்தே உள்ளது. ஆனால் நேர்முகத் தேர்வில் வினவப்படுவது பொத்தானின் இடம் அன்று. இவ்விடை சரியென எவ்வாறு அறிந்தாய் என்பதே. மென்பொருளின் முகப்பு ஆண்டுதோறும் மாறும். இன்று பயின்ற வரிசை மூன்றாண்டிற் பயனற்றுப் போகலாம். 36 மடங்கு வேறுபாட்டைக் கண்டு துணுக்குறும் அறிவுக்கு அத்தகைய முதுமை இல்லை.

2023 மே மாதத்தில், சேர்க்கை குறைந்தமை பற்றி, உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் தமிழ்வழிப் பொறியியல் நிறுத்தப்படும் என அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்பெழுந்தவுடன் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு நீங்கிற்று; சேர்க்கையைக் குறைத்த அச்சம் நீங்கவில்லை. தமிழில் படித்தால் வேலை கிடையாது என்னும் அவ்வச்சத்தை மேடைப் பேச்சால் மாற்ற இயலாது. தமிழில் எண்ணிக் கணிக்கும் மாணவர் ஏனையோரினும் செவ்விதாகக் கணிக்கின்றார் என்பதைச் செய்கையாற் காட்டுதல் வேண்டும்.

இதற்கு வழி உண்டு, செலவும் மிகுதியன்று. கணினியைத் திறக்குமுன் ஒவ்வொரு மாணவரும் அரைப்பக்கம் தமிழில் எழுதவேண்டும். பொருள் எது? எங்கே பிடிக்கப்பட்டுள்ளது? சுமை எவ்வழி வந்து எவ்வழி நிலத்தைச் சேர்கின்றது? பெருந்தகைவு எங்கே தோன்றும், ஏறத்தாழ எவ்வளவு? இவற்றைக் கையாற் கணித்துக் கையொப்பமிட்ட பின்னரே கருவியைத் தொடல் வேண்டும். கணினியின் விடை தம் விடையினின்று பெரிதும் வேறுபடின், காரணம் காணாது பயிற்சி முடிந்ததாகக் கொள்ளலாகாது. காரணம் மாணவரிடத்தும் இருக்கலாம், ஒப்புருவிடத்தும் இருக்கலாம். மதிப்பெண் அக்காரணத்திற்கே உரியது, வண்ணப் படத்திற்கு அன்று. ஆங்கிலம் இங்குத் தடையாவதில்லை. அஃது ஏவற்சொல்லாக நிற்க, எண்ணம் தாய்மொழியில் நடைபெறும்.

மென்பொருளின் விலை ஒரு தடை எனின், அதற்கும் மாற்று உண்டு. கால்குலிக்ஸ், கோடு ஆஸ்டர், ஓப்பன்ஃபோம், சைலேப் ஆகியன கட்டணமின்றிக் கிடைப்பவை. வணிக நிறுவனங்களும் மாணவர்க்கென அளவு குறுக்கிய பதிப்புகளை இலவயமாக வழங்குகின்றன. ஒரு தூணுக்கும் உத்திரத்துக்கும் அவையே போதும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேச்சுவழிப் பயிற்சித் திட்டம், கட்டற்ற மென்பொருள்களுக்கான பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிற் குரல் கொடுத்து வெளியிட்டுள்ளது.

ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளுக்கோ செஞ்சி வட்டாரத்திற் குறைவில்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. அங்குள்ள மாணவர் ஒரே நாளிற் சீயமங்கலத்துக் குடைவரையையும் செஞ்சிக்கோட்டைக் களஞ்சியத்தையும் கண்டு திரும்பலாம். களஞ்சியத்தின் வளைவுக் கூரை, சுமையை அமுக்கமாகவே சுவருக்குக் கடத்துவது. குடைவரையின் தட்டைக் கூரைக்கு நேர்மாறானது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கணிக்கும் மாணவர்க்கு, ஒப்புருவின் எல்லை நிலைமைகள் பற்றித் தனியே சொற்பொழிவு வேண்டுவதில்லை. செஞ்சிக்கோட்டை 2025 சூலையில் மராத்தியப் படைக்கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக உலக மரபுப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. ஆகவே உரிய இசைவு பெற்று, கல்லிற் கோடிடாமலும் சுண்ணம் பூசாமலும் அளத்தல் வேண்டும் என்பதையும் உடன் கற்பிக்கலாம். நம் மாணவர்க்கு இப்பாடமும் வேண்டுவதே.

கலைச்சொற்களைப் பொறுத்தமட்டில் தமிழ்த்துறைக்கு ஒரு கடமை உண்டு. தகைவு, திரிபு, குணகம் ஆகியவை பள்ளிப் பாடநூல்களிலேயே நிலைபெற்றுவிட்டன. பிடிக்கப்பட்ட முனை, தளர்ந்த முனை, வலை நுணுக்கம், படிப்படியான சுமையேற்றம் போன்றவற்றுக்கு இன்னும் ஆசிரியர்க்கு ஆசிரியர் வேறுபட்ட சொற்கள் வழங்குகின்றன. இவற்றை அகராதியை மட்டும் நோக்கி ஆக்குதல் போதாது. உத்திரம், போதிகை, தாங்கல், பிடிமானம் என்பன கட்டுவோர் நாவில் இன்றும் வழங்குவன. ஒவ்வொன்றும் வடிவையன்றித் தொழிலையும் உணர்த்தவல்லது. இவ்வட்டாரத்துக் கற்றச்சரிடமும் கொத்தரிடமும் சென்று, ஒரு கல் மற்றொன்றின்மேல் எவ்வெவ்வாறு அமர்கின்றது என்பதற்கு அவர்கள் ஆளும் சொற்களைத் தொகுத்தபின், அவற்றைப் பொறியியல் ஆசிரியரோடு கூடியமர்ந்து எல்லை நிலைமைகளின் பெயர்களாக வரையறுத்தல் இத்துறை உடனே தொடங்கத்தக்க பணி.